இந்த ஊர்ப் புளி

ஹெரிஃபோர்ட், இங்கிலாந்து
நவம்பர், மழை

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

மாமா, கடிதத்தில் இரண்டு வரி நலம் விசாரித்துவிட்டு மிச்சத்தையெல்லாம் பன்றிக்கறிக்கே ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த ஊரில் போர்க் சாப்ஸை ஆப்பிளோடு சேர்த்துச் சமைக்கிறார்கள் என்ற செய்தி உங்களை இப்படிக் கிளப்பிவிட்டதில் ஆச்சரியமில்லை. நாகர்கோவிலில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற பழம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர் "யாருக்கு என்ன?" என்றுதான் கேட்பார். மெழுகு பூசி, ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வலைச்சட்டை மாட்டி அடுக்கியிருக்கிற அந்தப் பழத்தை வெட்டி, கொழுப்பு ஓடும் சட்டியில் பன்றிக்குப் பக்கத்தில் போடுவது உங்களுக்கு அபசாரமாகப் படுகிறது. இனிப்புப் பழத்தைக் கறியில் போடுகிறவனுக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாமியோ, பிள்ளை வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லாமல் எதையோ தின்று காலம் தள்ளுகிறான் என்ற முடிவுக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். அந்தச் சட்டிக்குள் ஆப்பிள் பழமாகப் போவதில்லை, புளியாகப் போகிறது. மாங்காய் போட்டு மீன் வைக்கிற வீட்டார் இந்தச் சமையலைப் பார்த்து மூக்கைச் சுளிக்க நியாயமே கிடையாது. மாமா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், வெறும் வாய்ப்பேச்சுக்கு மசியமாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே சாட்சிகளோடு வருகிறேன்.

ஆப்பிள் என்றாலே இனிப்பு என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? அதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 1870 வாக்கில் குலு பள்ளத்தாக்கில் தோட்டம் போட்ட ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் வகைகளைத்தான் கொண்டுவந்து நட்டார்கள். அவை புளிப்புத் தூக்கலானவை. துரைமார் ரசித்துத் தின்றார்கள்; நம் ஜனங்கள் ஒரு கடி கடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார்கள். பிறகு சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லா மலையில் கோட்கர் பக்கம் வந்து குடியேறி, அந்தப் பக்கத்துப் பெண்ணையே மணந்துகொண்டு, 1916 வாக்கில் தன் நாட்டிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' என்ற வகையைத் தருவித்து நட்டார். பெரிய உருவம், குங்குமச் சிவப்பு, புளிப்பு பெயருக்குத்தான். இமாச்சலத்து ஆப்பிள் வியாபாரம் அந்த மரத்தில்தான் வேர்விட்டது. (அதே ஸ்டோக்ஸ் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார், பின்னால் இந்துவாக மாறி சத்யானந்தும் ஆனார். ஒரு தேசத்தின் நாக்கையே மாற்றிவிட்ட மனிதருக்கு ஒரு சர்க்காரை எதிர்ப்பதா பெரிய காரியம்?) ஆக, நம் ஊர்ப் பழக்கடைக்கு ரயிலேறி வருவது, புளிப்பு வேண்டாம் என்று ஒதுக்கி இனிப்புக்காகவே பொறுக்கியெடுத்த வம்சம். அந்த ஒரு வம்சத்தைப் பார்த்துவிட்டு ஆப்பிள் ஜாதி முழுவதற்கும் தீர்ப்பு எழுதினால், அப்பீலில் நிற்காது.

இங்கே மார்க்கெட்டில் ஆப்பிளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: கடித்துத் தின்ன ஒன்று, சமைக்க ஒன்று. சமைக்கிற கூட்டத்துக்குத் தலைவன் பிராம்லி. பச்சை நிறம், கோணல்மாணலான உருவம், கைக்கு அடங்காத பருமன். லட்சணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியே கடித்தால் காது வரை கூசும். நோயாளியைப் பார்க்க இதைக் கொண்டுபோனால் உறவு முறிந்துவிடும். இதன் மூலமரம், நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சின்ன ஊரில், 1809-ல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து வந்தது. 1846-ல் அந்த வீட்டை மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். பத்து வருஷம் கழித்து, நாற்றுப் பண்ணைக் குடும்பத்து ஹென்றி மெர்ரிவெதர் என்ற பையன் ஒட்டுக்குச்சி கேட்டு வந்தபோது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பழம் தன் பெயரில்தான் வெளியே போக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். விதைத்தவள் பெயர் எங்கேயோ போயிற்று. பட்டா யார் பேரிலோ, பழமும் அவர் பேரில். இந்த நாட்டின் சமையல் ஆப்பிளுக்குப் பெயர் கொடுத்தவர் கறி வெட்டுகிறவர் என்பதையே ஒரு சாட்சியாக இழுக்கலாமா என்று எனக்கு ஆசைதான். தற்செயலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றமுடியாது என்று நீங்கள் ஆட்சேபிப்பீர்கள், விட்டுவிடுகிறேன். விட முடியாத சாட்சி வேறொன்று இருக்கிறது. பச்சையாக வாயில் வைக்க முடியாத ஒரு பழத்தை ஒரு தேசம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஒட்டுக் கட்டி, உரம் போட்டு, கூடை கூடையாகப் பறித்து வருகிறது. இனிப்பு வேண்டி யாராவது இந்தப் பாடு படுவார்களா?

புளிப்பு ஏன் வேண்டும் என்பதை நாகர்கோவில்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நெத்தோலி அவியலில் மாங்காய் போடாவிட்டால் அன்றைக்கு வீட்டில் நடக்கிற பேச்சு எனக்கும் தெரியும். கொழுப்பும் எண்ணெயும் நாக்கில் படர்ந்துவிட்டால் அடுத்த வாய் மந்தமாகிவிடுகிறது. புளிப்பு பட்டதும் எச்சில் ஊறி, வாய் கழுவிவிட்டதுபோல் ஆகி, மறுபடி பசி எழுகிறது. இது எல்லா ஊர் நாக்குக்கும் பொது. ஊருக்கு ஊர் மாறுவது புளிப்பு எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான். நமக்குப் புளியமரம், மாமரம், குடம்புளி, எலுமிச்சை என்று திரும்பின பக்கமெல்லாம் புளிப்பு காய்த்துத் தொங்குகிறது. வருஷத்தில் பாதி நாள் சூரியன் விடுப்பில் இருக்கிற இந்தத் தீவில் எலுமிச்சை வெளியில் பிழைக்காது. புளியமரம் பேச்சுக்கே இடமில்லை. இவர்களுக்கு வாய்த்தது வினிகர், ருபார்ப் தண்டு, கூஸ்பெரி, ஆப்பிள். இதில் கூஸ்பெரியைக் கொஞ்சம் கவனியுங்கள். நெல்லிக்காய்க்குத் தங்கை மாதிரி இருக்கும், உறவு கிடையாது, புளிப்பு உண்டு. கோடையில் கூஸ்பெரி காய்க்கிறபோது இவர்கள் அதை வேகவைத்து மசித்து எதற்குத் தொட்டுக்கொள்கிறார்கள் தெரியுமா? மேக்கரல் மீனுக்கு. அதாவது நம் அயிலையின் கடல் கடந்த பங்காளிக்கு. எண்ணெய் கக்குகிற மீனுக்குப் புளித்த காய்! நம்மைப் பார்த்து அவர்களோ அவர்களைப் பார்த்து நாமோ கற்றுக்கொள்ளவில்லை. மீனே இரண்டு பேருக்கும் பாடம் சொல்லியிருக்கிறது. கூஸ்பெரிக்கும் அயிலைக்கும் எந்தக் கணக்கோ, ஆப்பிளுக்கும் பன்றிக்கும் அதே கணக்கு.

இன்னொரு விஷயம், இதை மாமி கட்டாயம் ஒப்புக்கொள்வாள். புளிப்பு ருசிக்க மட்டும் இருந்தால் போதாது, எடுத்துவைக்கவும் வேண்டும். மாசி பங்குனியில் வருஷத்துக்கான புளி வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைக்கிறோம். கூஸ்பெரி கோடையோடு போய்விடும். பிராம்லி அக்டோபரில் பறித்தால், ஒன்றோடொன்று உரசாமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்ந்த அறையில் வைத்து, மாசி பங்குனி வரைக்கும் ஓட்டலாம். மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற மாதங்களில் சட்டிக்குப் புளிப்பு கொடுக்க இதைவிட மலிவான ஆள் கிடையாது. புளிப்பின் உள்ளே இருக்கிற சரக்கு வேறு என்பது உண்மை: புளியில் டார்டாரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம். பின்னதை 1785-ல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆப்பிள் சாற்றிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார். மாங்காயிலும் இந்த மாலிக் அமிலம் இருக்கிறது. ஆகவே மாங்காயும் ஆப்பிளும் சட்டிக்குள் அந்நியர்கள் அல்ல.

இங்கிலாந்தை மட்டும் வைத்துச் சொன்னால் ஓர் ஊரின் கிறுக்கு என்று தள்ளிவிடலாம். ஐரோப்பா வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்க்கிறேன். பிரான்சில் நார்மண்டிக்காரர்கள் பன்றியை ஆப்பிளோடும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடரோடும் சமைக்கிறார்கள். ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கம், மசித்த உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் கலந்து அதன்மேல் இரத்தத் தொத்திறைச்சியை வறுத்து வைக்கிறார்கள். ஆப்பிள் மேலே காய்ப்பதால் வானம், கிழங்கு கீழே விளைவதால் பூமி என்று அதற்கு 'வானமும் பூமியும்' என்று பெரிய பெயர். டென்மார்க்கில் பன்றியின் வயிற்றுப் பகுதியை வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே ஆப்பிளை வதக்குகிறார்கள். இந்த ஊர்களை ஒரு கோட்டில் சேர்த்தால், எலுமிச்சை காய்க்காத வடக்குதான் கிடைக்கிறது. நார்மண்டி பிரான்சிலேயே இருந்தும் திராட்சைக்குப் பெயர்போன இடமல்ல. அங்கே குடிப்பதும் சைடர்தான். தெற்கே போய்க் கிரேக்கக்காரரைக் கேளுங்கள், பன்றிக்கறிமேல் எலுமிச்சையைப் பிழிவார். புளிப்பு மாறவில்லை, மரம்தான் மாறுகிறது.

இங்கே மாமா ஒரு குறுக்குக் கேள்வி போடலாம், நானே போட்டுக்கொள்கிறேன். வினிகரும் திராட்சை ரசமும் தாராளமாக இருந்த ரோமாபுரியிலும் பன்றிக்கறியில் ஆப்பிள் போட்டிருக்கிறார்களே? ஆமாம். அபிசியஸ் பெயரால் வழங்குகிற பழைய ரோமச் சமையல் நூலில், பன்றித் தோள்கறியை நறுக்கி வேகவைத்து, பாதி வெந்ததும் ஆப்பிள் துண்டுகள் சேர்க்கிற ஒரு குழம்பு இருக்கிறது. ஆனால் அதில் வேறென்ன போடுகிறார்கள் என்று பாருங்கள்: வினிகர், தேன், மீனை ஊறவைத்த உப்புச் சாறு, மிளகு, சீரகம், கொத்தமல்லி. புளிப்பைத் தனியாக ஊற்றி, இனிப்பைத் தனியாக ஊற்றி, நடுவில் ஆப்பிளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆப்பிள் மட்டும் போட்டு இனிப்பாக விட்டுவிட அவர்களுக்கும் மனம் வரவில்லை. அந்த மிளகு எங்கிருந்து போயிற்று என்று உங்களுக்கே தெரியும். முசிறித் துறையில் கப்பலேறிய சரக்கு. பன்றிக்கறியும் ஆப்பிளும் சேர்ந்த ஒரு பழைய சட்டியில் நம் கரையின் மிளகு கொதித்திருக்கிறது என்றால், இந்தச் சமையலை முற்றிலும் அந்நியம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

சட்டிக்கு வருவதற்கு முன்பே பன்றிக்கும் ஆப்பிளுக்கும் அறிமுகம் ஆகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் இருக்கிற இந்த ஜில்லாவும் பக்கத்து கிளாஸ்டர்ஷயரும் ஆப்பிள் தோப்புகளின் நாடு. சைடர் வடிக்கிற பெரிய ஆலை ஒன்று 1887-லேயே இந்த ஊரில் தொடங்கியது. தோப்பில் உதிர்ந்து, அடிபட்டு, விற்பனைக்கு உதவாமல் கிடக்கிற ஆப்பிளைத் தின்று தீர்க்கப் பன்றியை அவிழ்த்துவிடுவார்கள். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி உள்ள ஒரு நாட்டுப் பன்றி இதற்கென்றே பெயர் பெற்றது. மரத்திலிருந்து ஆப்பிள் மேலே விழுந்து விழுந்து கன்றிய தழும்புதான் அந்தப் புள்ளிகள் என்று கதை சொல்வார்கள். நியூட்டன் தலையில் விழுந்ததாகச் சொல்கிற ஆப்பிள் கணக்கைக் கொடுத்தது, பன்றிமேல் விழுந்தது புள்ளியைக் கொடுத்தது. இந்த நாட்டில் ஆப்பிள் விழுந்து எதுவும் வீணாவதில்லை. அந்தக் காலத்தில், இலையுதிர் காலம் முழுக்கத் தின்று கொழுத்த பன்றியை நவம்பரில் அடிப்பார்கள், ஏனென்றால் குளிர்காலம் முழுவதும் அதற்குத் தீனி போடக் கட்டுப்படியாகாது. அப்போது பரணில் ஆப்பிள் நிறைந்திருக்கும். பன்றி தின்று மீந்ததைப் பன்றியோடேயே போட்டு அடுப்பில் ஏற்றுவது கொஞ்சம் குரூரம்தான். ஆனால் சிக்கனமான குரூரம்.

இனி அந்தச் சாப்ஸைப் பற்றி. பன்றியின் முதுகுத் தசையை எலும்போடு குறுக்கே வெட்டினால் கிடைக்கிற துண்டு இது. முதுகு அதிகம் உழைக்காத இடம், ஆகவே கறி மென்மை. ஆனால் நடுத் தசையில் கொழுப்பு குறைவு, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் பருமனுக்குப் பட்டையாகக் கொழுப்பு. இந்த அமைப்பில்தான் வில்லங்கம் இருக்கிறது. உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டத் தாண்டத் தசை தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-ல் பன்றித் துண்டுக்கு 63 டிகிரியும் இறக்கியபின் 3 நிமிட ஆறலும் போதும் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் உணவுத் தர முகமையோ 70 டிகிரியில் 2 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டினால் பன்றிக்கு ஏழு டிகிரி தள்ளுபடி, இந்தப் பக்கம் முழு விலை. ஆகவே பிரிட்டிஷ் அடுப்பிலிருந்து இறங்குகிற சாப்ஸ் நடுவில் கொஞ்சம் வறண்டும் ஓரத்தில் நெய் வழிந்தும் இருக்கும். வறட்சிக்குச் சாறு வேண்டும், கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் வைத்திருப்பது எது என்று தேடினால் ஆப்பிள்தான் கையை உயர்த்துகிறது. எலுமிச்சை இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, ஏன் நம் புளிகூடப் பெரிய கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு ஆப்பிள் என்று கேட்டால் இதுவே பதில். எலுமிச்சை நீராகப் புளிக்கும்; ஆப்பிளில் சதையும் பெக்டினும் இருப்பதால் கரைத்த புளியைப்போலக் குழம்புக்கு உடம்பு வரும். கடித்துத் தின்கிற ஆப்பிள் பெரும்பாலும் துண்டு துண்டாகவே நிற்கும்; பிராம்லி சூடு பட்ட சில நிமிடங்களில் உடைந்து நுரைத்து மசியலாகிவிடும். கடைந்தெடுக்க மத்துகூட வேண்டாம்.

செய்முறை சுருக்கமானது, ஆனால் வரிசை மாறக்கூடாது. துண்டு ஓர் அங்குலமாவது கனமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக உப்புத் தடவி வைத்து, அடுப்பில் போடுமுன் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரமிருந்தால் கறி சிவக்காது, வேகும். ஓரக் கொழுப்பைக் கத்தியால் அங்கங்கே கீறிவிடாவிட்டால் சூட்டில் சுருங்கித் துண்டு கிண்ணம்போல் வளைந்துகொள்ளும். கனமான இரும்புச் சட்டியில் முதலில் கொழுப்போரம் கீழே படும்படி துண்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், கொழுப்பு உருகி ஓடட்டும். வேறு எண்ணெய் வேண்டாம். பிறகு படுக்கப்போட்டு, இரு பக்கமும் மூன்று நாலு நிமிடம் நன்றாகச் சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயம், அப்புறம் ஆப்பிள். ஆப்பிளை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டு எல்லாக் காரியத்தையும் கெடுக்கும். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற சிவந்த பிசினைக் கரைக்க ஒரு கோப்பை சைடர் ஊற்றிச் சுரண்ட வேண்டும். (சைடர் என்பது ஆப்பிள் ஜூஸ்தான் என்று மாமியிடம் சொல்லுங்கள். புளித்த ஜூஸ் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) நாலைந்து சேஜ் மூலிகை இலை, ஒரு கரண்டி அரைத்த கடுகு, மிளகு, சாப்ஸை மறுபடி உள்ளே இறக்கி உள் சூடு சரியாகும்வரை வைத்தால் முடிந்தது. அரை மணி நேரம், ஒரே சட்டி.

அடுத்தது புழு. பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்று மாமா எழுதியிருப்பதை லேசாகத் தள்ள முடியாது; நாடாப்புழு நம் நாட்டில் உண்மையான தொல்லை. ஆனால் குற்றவாளி யார் என்பதில் எஃப்.ஐ.ஆர். தவறாகப் பதிவாகியிருக்கிறது. சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளர்கிற புழு. மூளையில் கட்டியாகிறதே, அது அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால் வருவது. முட்டை வெளியேறுவது குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில். கழுவாத கை, அசுத்தத் தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக அது யார் வாய்க்கும் போகலாம், பன்றியைக் கண்ணால் பார்க்காத சுத்த சைவர் உட்பட. முட்டைக்கோசுக்கு நம் ஊரில் இருக்கிற கெட்ட பெயரை நினைத்துப் பாருங்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கழிப்பறையும் அடைத்து வளர்க்கிற பண்ணையும் இறைச்சிப் பரிசோதனையும் உள்ள இடத்தில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மேலே சொன்ன 70 டிகிரி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

என் வழக்கில் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது, அதை எதிர்க்கட்சி கண்டுபிடிக்கும்முன் நானே காட்டிவிடுகிறேன். இவர்களில் பலர் ஆப்பிளின்மேல் சர்க்கரை தூவுகிறார்கள். அப்புறம் எங்கே புளி? இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். பிராம்லிமேல் விழுகிற ஒரு சிட்டிகைச் சர்க்கரை, புளிக்குழம்பில் மாமி போடுகிற வெல்லத் துண்டின் வேலையைத்தான் செய்கிறது. முனையை மழுக்குகிறது, புளிப்பை ஒழிப்பதில்லை. அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் இனிக்கிற ஆப்பிளை எடுத்து, அதன்மேல் பழுப்புச் சர்க்கரையைக் கொட்டி, பட்டைத் தூளும் தூவி, சிரப் வழிய வழியக் கறியைக் குளிப்பாட்டுகிற ஒரு வகை இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் அதிகம், இங்கும் பரவிவருகிறது. அந்தச் சட்டியைப் பொறுத்தவரை மாமாவின் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்; நாக்கு எங்கே இருக்கிறது என்று நானும் கேட்பேன். இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே நிற்கிற காக்ஸ் என்ற ஆப்பிளைப் போட்டால் தப்பில்லை, அது உடையாமல் துண்டாக நிற்கும், கடிக்கவும் சுகம். அதற்கு அப்பால் என் வக்காலத்து செல்லாது.

மாமியின் கவலைக்கு வருகிறேன். மசாலா இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை என்பது அவள் கட்சி. இந்த நாட்டில் உப்புச்சப்பில்லாத பண்டம் ஏராளம் உண்டு. வேகவைத்த முட்டைக்கோசுக்காக வாதாட என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் இந்தச் சட்டியில் உப்பு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, சிவந்த பொருக்கின் லேசான கசப்பு, கடுகின் காரம், சேஜின் கற்பூர வாசனை, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிற புளிப்பு. இல்லாதது மிளகாய் ஒன்றுதான். அதோடு, இது யாருக்கு, எப்போது செய்கிற சாப்பாடு என்றும் பார்க்க வேண்டும். நவம்பரில் இங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடும். நாம் பஜ்ஜியும் டீயுமாக உட்கார்கிற ஆறு மணிக்கு இவர்கள் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருப்பார்கள். நனைந்துகொண்டு வேலையிலிருந்து வருகிறவனுக்கு வறுத்தரைக்க வேளையும் இல்லை, தேங்காய் துருவ ஆளும் இல்லை. அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டே முடிந்துவிடுகிற வேலை, வீடு முழுக்க வெங்காயமும் ஆப்பிளும் வதங்குகிற வாசனை, மசித்த உருளைக்கிழங்கின்மேல் சூடாக ஊற்றிய சாறு, கடைசியில் கழுவ ஒரே சட்டி. வீட்டுச் சாப்பாட்டில் மனம் ஆறுவது பாதி ருசியால், பாதி பாத்திரம் குறைவதால் என்பது என் கருத்து. மாமி இதில் இரண்டாவது பாதியையாவது மறுக்கமாட்டாள்; மாமாவுக்கு அந்தப் பாதியைப் பற்றி அனுபவம் போதாது.

சொல்லுக்குச் சொல் ஒப்புக்கொள்ள வேண்டாம், சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சிம்லா ஆப்பிளில் மட்டும் செய்யாதீர்கள். இனித்துப்போய் வழக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். மாங்காய் கிடைக்கிறபோது, ஆப்பிளுக்குப் பதிலாக, செங்காயாக, முற்றியும் பழுக்காமலும் இருக்கிற கிளிமூக்கு இரண்டு வாங்குங்கள். கறிக்கடையில் முதுகுப் பக்கம் எலும்போடு கேட்டு வாங்கி, துண்டு போடாமல் முழுசாக வெட்டித்தரச் சொல்லுங்கள். மாமா பக்கத்தில் நின்றால் ஒழிய அவர்கள் பொடிப்பொடியாகத்தான் போடுவார்கள். சேஜ் கிடைக்காது, விட்டுவிடலாம். கறிவேப்பிலை போட மாமிக்குக் கை அரிக்கும். போட்டால் அது வேறு கறி, நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு நான் பொறுப்பல்ல. சைடருக்குப் பதில் ஒரு கரண்டி வினிகரும் ஒரு கோப்பை எலும்பு வேகவைத்த தண்ணீரும் போதும். மாங்காயைத் தோல் சீவி விரல் கனத்துக்கு அரிந்து, வெங்காயம் வதங்கியபின் போடுங்கள். மூடிபோட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மருமகன்